அரைக் குரல்

நவம்பர் 4, திங்கள்

கையில் குழாய் ஏற்றிவிட்டார்கள். தினமும் குத்தாமல் இருப்பதற்காக நரம்பிலேயே விட்டுவைக்கிற சின்னக் குழாய். கேனுலா என்று பெயர். நர்ஸ் பாக்கியம் இடது புறங்கையில் இரண்டு இடம் பார்த்துத் தோற்று, மூன்றாவதில் பிடித்தாள். "உங்க நரம்பு ஓடி ஒளியுது டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டு பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு சொந்த நரம்பே ஒளிகிறது.

குதிகால் எலும்பில் கிருமி. ஆகஸ்டில் கண்ணாடித் துண்டு குத்தியது. சர்க்கரைக்காரிக்கு வலி தெரியவில்லை, புண் உள்ளே போனதும் தெரியவில்லை. இந்தக் கிருமி மாத்திரைக்கெல்லாம் மசியாதாம். ஆறு வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து, ட்ரிப்ஸில் ஆன்டிபயாட்டிக் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். ஏற்றாவிட்டால் கால் போகும் என்று டாக்டர் இளங்குமரன் சுற்றி வளைக்காமல் சொன்னார். அப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பக்கவிளைவுகளையும் ஒப்பித்தார். வயிறு கெடும், வாய் கசக்கும், தலை கிறுகிறுக்கும், கிட்னிக்கு வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. அப்புறம் காது. "காதுல இரைச்சல் வந்தாலோ, கேக்குறது குறைஞ்சாலோ அன்னைக்கே சொல்லணும். மருந்து ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை காது டெஸ்ட் எடுத்திருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டு கைப்பைக்குள் போயிற்று. இருபத்தாறு வருடமாகத் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். நாற்பது பேர் பாடும்போது சுருதி இறங்கியது எந்த வரிசையில் யார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். என் காதை ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து பீப் பீப் என்று சோதிக்கப் போகிறார்களாம்!

"கூட யாரு வந்திருக்கா டீச்சர்?" என்று பாக்கியம் கேட்டாள். யாரும் வரவில்லை. கூட வந்தவர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்திலும் ரூபாவதி ஞானசிகாமணி என்று நானே போட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காது டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, வீட்டிலேயே.

என் ட்யூனிங் ஃபோர்க்கை, சுருதி பார்க்கிற எஃகுக் கவையை, எடுத்து முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தேன். கணீரென்றது. வலது, இடது இரண்டும். நொடிக்கு நானூற்று நாற்பது அதிர்வு, உலகம் முழுக்கப் பாடகர்களுக்கு இதுதான் அளவுகோல். பத்தாம் வகுப்புக்கு ஒலி பாடம் எடுக்கவும் இதே ஃபோர்க்கைத்தான் கொண்டுபோவேன். காலை ஜெபம் முடிந்ததும் தினமும் ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

சாம்பார் ஆணியைச் சப்பியதுபோல் இருக்கிறது. தயிர் சாதமும் அப்படியே. மத்தியானத்திலிருந்து வயிற்றுப்போக்கு. ஃபோர்க் நன்றாகக் கேட்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கான முதல் பயிற்சி. டிசம்பர் 22, மாலை ஆறரை மணி. குழாய்க் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்தால் பயிற்சி உருப்படாது.

எங்கள் கீத ஆராதனை தொடங்கும் விதம் பாளையங்கோட்டை முழுக்கப் பிரசித்தம். நான் ஏற்படுத்தியது. கோயில் விளக்குகள் அத்தனையும் அணைந்துவிடும். பின்வாசலில் ஒரு ஆள் மட்டும் நின்று, ஆர்கன் இல்லாமல், முதல் சரணத்தைத் தனியாகப் பாட வேண்டும். பாடுகிறவர் காதருகே நான் ஃபோர்க்கைத் தட்டித் தொடக்கச் சுருதியை, அதாவது நோட்டை, கொடுப்பேன். சரணம் முடிந்த பிறகுதான் பீடத்தில் எங்கள் பாதிரியார் ஐயர் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவார். அதைப் பார்த்ததும் ஆர்கன் எழும், குழு இரண்டாம் சரணத்தைப் பாடிக்கொண்டே உள்ளே நடக்கும்.

ஒன்பது வருடமாக அந்தச் சரணம் சுகிர்தாவுடையது. மின்வாரிய ஆபீசில் வேலை, இரண்டு பிள்ளைகள், இந்த ஜில்லாவிலேயே நல்ல சொப்ரானோ, உச்சஸ்தாயிக் குரல். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கெட்டுப்போவாள்.

நவம்பர் 14, வியாழன்

இடது கை நரம்பு வீங்கிக் கயிறுபோல் இறுகிவிட்டது. குழாயை வலது கைக்கு மாற்றினார்கள். சோற்றுக் கை போயிற்று. ஸ்பூனில் சாப்பிட்டேன், இடது கையால் பாத்திரம் தேய்த்தேன், தலை பின்ன முடியாமல் அப்படியே முடிந்துகொண்டேன். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கொண்டைப் பின்னை எடுக்கக் குனிந்தபோது கொஞ்சம் அழுதேன். அழுது முடித்து மாவு வாங்கப் போனேன்.

முருங்கை மரத்து அணில்கள் வாலைத் தூக்கித் தூக்கி ஓடுகின்றன, சத்தமே இல்லை. எப்போதும் காலையில் கத்தித் தீர்ப்பவை. பூனை நடமாட்டமாக இருக்கும்.

கீழ்வீட்டுக்காரர் மோட்டார் மாற்றியிருக்கிறார் போல. ஙொய் என்று ஓயாமல் ஓடுகிறது. சொல்லி வைக்கவேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

தம்பி ஜெயசீலன் நாக்பூரிலிருந்து கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவான். அவன் புது ஃபோன் சரியில்லை, பஞ்சுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. அவன் என்னவோ கேட்க, நான் "மழை பெய்யுது" என்றேன். பிறகு வைத்துவிட்டான்.

பயிற்சியில் ஒரு அதிசயம். தாழ்ந்த குரலில் பாடுகிற ஆல்டோக்காரிகள் இந்த வருடம் அபாரம்! ஆண்களின் கட்டைக் குரல் பேஸும் கனமாக நிற்கிறது. சொப்ரானோதான் சோர்ந்து கிடக்கிறது. ஒரு எழுத்தும் தெளிவாக வரவில்லை. "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

குக்கர் விசில் அடிக்காமல் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. கீழ்வீட்டம்மாள் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாள். கேஸ்கெட்டும் வெயிட்டும் புதிதாக வாங்கினேன். கடைக்காரன் பழைய வெயிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நல்லாத்தான இருக்கு" என்றான். நல்லாயிருந்தால் நான் ஏன் வருகிறேன்?

நவம்பர் 21, வியாழன்

ரத்தப் பரிசோதனையில் கிட்னி கொஞ்சம் முனகுகிறதாம். மருந்தின் அளவைக் குறைத்தார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

"காது டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு டாக்டர்."

"ரிப்போர்ட் எங்க?"

"வீட்ல இருக்கு. நல்லாயிருக்கு."

பொய் இல்லை. ஃபோர்க் வீட்டில்தான் இருக்கிறது. இன்று காலையும் நன்றாகத்தான் கேட்டது. டெஸ்டில் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மருந்தை நிறுத்துவார்கள். கால் போய்விட்டால் இந்த மாடிப்படியை எப்படி ஏறுவேன், பின்வாசலிலிருந்து பீடம் வரை எப்படி நடப்பேன்? ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எதற்கு வம்பு?

பாக்கியமும் மாஸ்க் போட்டுக்கொண்டு முணுமுணுக்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பேசவே சோம்பல்.

நவம்பர் 24, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நான் செய்தது சரி என்பதற்காக.

இன்று முதல் சரணம் மட்டும் தனியாக. சுகிர்தா பின்வாசலில் நின்றாள், நான் பீடத்தருகே நின்று கேட்டேன். குரல் நடுக் கோயிலுக்குக்கூட வந்து சேரவில்லை. வார்த்தை இல்லை, ஒளி இல்லை, ஒரு மந்தமான ஓசை மட்டும். நிறுத்தச் சொன்னேன். மறுபடி. அதே. மூன்றாம் தரம் பாடி முடித்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அரைக் குரல்ல பாடுத நீ. யாருக்குக் குரலை மிச்சம் பிடிக்க? கல்யாண வீட்டுப் பாட்டுக்கு எவனும் முன்பணம் குடுத்திருக்கானா?"

நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுகிர்தா நடுப்பாதையில் எனக்கு நேரே நடந்து வந்தாள். "டீச்சர், நான் முழுக் குரல்லதான் பாடுதேன்" என்றாள். அது மட்டும் கேட்டது, பக்கத்தில் வந்து சொன்னதால்.

"அப்போ உனக்குக் குரல் போச்சு" என்றேன்.

முதல் சரணத்தை ஆல்டோ வரிசை ஜெஸிந்தாவுக்குக் கொடுத்தேன். அவளுக்காகச் சுருதியைக் கீழே இறக்கச் சொன்னேன். ஆர்கன் வாசிக்கிற தவராஜ் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே?" என்றேன். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

சுகிர்தா பாட்டுப் புஸ்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 25, திங்கள்

தவராஜ் அண்ணன் மாலையில் வந்தார். "எவ்வளவு நேரமா பெல் அடிக்கேன்" என்றார். பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றவேண்டும். காப்பி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். என் குழாயைப் பார்த்தார், மருந்தின் பெயரைக் கேட்டார், போய்விட்டார். சுகிர்தாவுக்காகப் பரிந்து பேச வந்திருப்பார். என் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போயிருக்கும்.

நவம்பர் 27, புதன்

இரண்டு நாளாகத் தரை என் கீழே நகர்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போகிறேன். வாயில் வெள்ளையாகப் படிந்து எரிகிறது. மூன்று இட்லியில் ஒன்றைத்தான் முடிக்க முடிந்தது.

பேட்டரி மாற்றினேன். பெல் இன்னும் வேலை செய்யவில்லை. மட்டமான பேட்டரி.

நவம்பர் 28, வியாழன்

நல்ல மழை. மாலையில் வெகுநேரம் கரண்ட் இல்லை. கீழ்வீட்டு மோட்டார் நிற்கவே இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

ஃபோர்க் கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஜெயசீலன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

பாக்கியம் என்னைப் பற்றி டாக்டரிடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "எல்லாத்தையும் ரெண்டு தடவ கேக்காங்க டாக்டர்" என்று. டாக்டர் நாற்காலியை இழுத்து எனக்கு நேரே போட்டார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சத்தமாகப் பேசினார். எனக்கு எல்லாம் கேட்டது. பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் பின்னால் போனார். "கண்ணை மூடிக்கோங்க. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

மூடினேன், காத்திருந்தேன். அவர் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது என் காதை ஒட்டி ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் தேய்த்துக்கொண்டிருந்தார். இதில் ஏதய்யா சத்தம் என்று கேட்கப் போனேன். பாக்கியத்தைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். அவள் கண்ணை மூடினாள். அவர் விரலைத் தேய்த்தபோதெல்லாம் அவள் கை உயர்ந்தது. நிறுத்தியபோது இறங்கியது. மறுபடி உயர்ந்தது.

என் காதருகே நானே விரலைத் தேய்த்துப் பார்த்தேன்.

"டெஸ்ட் ரிப்போர்ட் எங்கம்மா?"

ஃபோர்க் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இந்த மருந்து மேலேருந்து கீழ சாப்பிட்டுட்டு வரும்மா. முதல்ல உச்சத்துல இருக்கிற சத்தம் போகும். அணில், விசில், காலிங் பெல், பேச்சுல ச, த மாதிரி எழுத்தெல்லாம். உங்க ஃபோர்க் நடுவுல இருக்கு. அங்க வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் உங்களுக்கு அது நல்லாத்தான் கேட்டிருக்கும்."

மனிதக் காது இருபதிலிருந்து இருபதாயிரம் அதிர்வு வரை கேட்கும். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் நானூற்று நாற்பது எங்கே இருக்கிறது என்று எனக்கா தெரியாது?

இன்று ட்ரிப்ஸ் ஏற்றவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

கூண்டுக்குள் உட்கார்ந்தேன். பீப் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாளில் கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், மாடிப்படிபோல் இறங்கி, பாதாளத்துக்குப் போய்விட்டது.

போனது வராது. மருந்தை நிறுத்தினாலும், கிட்னி முனகியதால் அது உடம்பில் தங்கி இன்னும் கொஞ்ச நாள் காதைத் தின்னும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாதாம். காலுக்கு வேறு மருந்து, ஜனவரியில் எலும்பைச் சுரண்டி ஒரு ஆபரேஷன். கால் தப்பிவிடும் என்கிறார்.

குழாயை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு கையாலும் தலை பின்னினேன். பிறகுதான் சுகிர்தா முகம் நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 5, வியாழன்

தவராஜ் அண்ணனுக்கு ஆள் விட்டேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அவருக்குக் கட்டைக் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் இன்னும் பிடிபடுகிறது.

"சுகிர்தா அன்னைக்கு எப்படிப் பாடினா?"

"அந்த மாதிரி அவ பாடி நான் கேட்டதில்ல டீச்சர். மூணாந்தரம் கண்ணு கலங்கிட்டு எனக்கு."

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

"யாரு சொல்லுதது?" என்றார். "எல்லாருக்கும் தெரியும். வெளிய நின்னு பேசிக்கிடுவோம். உங்க காதுக்கு என்னமோ ஆயிட்டுன்னு உங்ககிட்டப் போய் எவன் சொல்லுவான்? அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். காப்பியைக் குடுத்துட்டு, உப்புச்சப்பில்லாம பாடுத பிள்ளைக்கு வக்காலத்தான்னு ஒரு பார்வை பாத்தீங்க. எந்திச்சுப் போயிட்டேன்."

நாற்பது பேர். ஒவ்வொருவர் குரலும் எனக்கு மனப்பாடம். அதில் ஒருவருக்குக்கூட என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அவர்கள்மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை. நான்தான் அப்படி வைத்திருந்தேன். காது கேட்காமல் போனதைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

சுகிர்தா வீட்டுக்குப் போனேன். மகாராஜநகரில் மாடி வீடு. ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். கதவைத் திறந்தவள் "வாங்க" என்று வாயசைத்தாள், முகம் வரவேற்கவில்லை. புருஷன் பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மருந்து, காது, ஃபோர்க். முழுவதையும் சொன்னேன். "நீ முழுக் குரல்லதான் பாடியிருக்க. எனக்குத்தான் கேக்கல. நான் பேசினது தப்பு. மன்னிச்சிரு."

அவள் பெஞ்சை இழுத்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள். அந்தக் காது பரவாயில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அன்னைலேருந்து நான் வாயைத் தொறக்கல டீச்சர். பிள்ளையைத் தூங்கவைக்கக்கூடப் பாடல. டீச்சர் சொன்னா சரியாத்தான இருக்கும், நமக்குக் குரல் போயிட்டுன்னே நெனச்சிட்டேன். ஒன்பது வருசத்துல ஒருநாள், ஒரேயொரு நாள், நல்லாப் பாடினேன்னு நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, குரல் போச்சுன்னு சொன்னதை நான் நம்பியிருக்க மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் அது பரிதாபத்துக்குச் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

"எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க" என்றாள். "எல்லாரு முன்னாலயும்தான் திரும்பச் சொல்லணும்."

"சொல்லுதேன்."

"நோட்டும் நீங்கதான் குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் எனக்கு எடுக்க வராது."

காப்பி தரவில்லை. நான் இறங்கும்போது மட்டும் பின்னாலேயே கடைசிப் படி வரை வந்தாள்.

டிசம்பர் 11, புதன்

பயிற்சி. நாற்பது பேர் முன்னால் நின்று சொன்னேன். குழுவை இனித் தவராஜ் அண்ணன் நடத்துவார், நோட்டுக் கொடுப்பது மட்டும் என் வேலை என்றும் சொன்னேன். ஜெஸிந்தா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சரணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் அவளுக்குத்தான் பெரிய நிம்மதி.

பிறகு பின்பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவர்கள் பாடுவதை நான் பார்த்ததில்லை. டெனர் வரிசை பொன்ராஜ் உச்சத்துக்குப் போகும்போது புருவத்தைத் தூக்கி நுனிக்காலில் நிற்கிறான். சிரிப்பு வந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஜெயசீலன் இப்போது எழுத்தில் அனுப்புகிறான். "அக்கா, நாக்பூர் வந்திரு." நான்: "ஆபரேஷன் முடியட்டும்." அவன்: "கிறிஸ்துமஸுக்குத் தனியா இருப்பியே." பதில் எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன். கடைசியில் கேக் படம் ஒன்றை அனுப்பினேன்.

ஃபோர்க் இன்று தூரத்தில் கேட்டது.

டிசம்பர் 18, புதன்

வலது காதில் ஒட்டிவைத்தால் ஏதோ இருக்கிறது. கேட்கிறதா, விரலில் தெரிகிற நடுக்கத்தைத்தான் கேட்பதாக நினைக்கிறேனா தெரியவில்லை. தவராஜ் அண்ணன் பேச்சும் உதட்டைப் பார்த்தால்தான் புரிகிறது.

டிசம்பர் 20, வெள்ளி

ஃபோர்க்கை எடுக்கவில்லை. நாளையும் எடுக்கப் போவதில்லை. பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டேன், ஜாக்கெட்டில் ஒரு கொக்கி தைத்தேன்.

டிசம்பர் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று மெதுவாக, நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆறரைக்கு விளக்குகளை அணைத்தார்கள். வெளியே தெருவிளக்கையும் யாரோ அணைத்திருந்தார்கள். காதோடு சமநிலையையும் மருந்து தின்றுவிட்டதால் இருட்டில் எனக்கு இப்போது நிற்கத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் உடம்பு நிலை பிடிக்கிறது. பின்வாசல் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். முன்னால் கைநீட்டும் தூரத்தில் சுகிர்தா. எங்களுக்குப் பின்னால் வாசற்படியில் குழு. உள்ளே எழுநூறு பேர் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஃபோர்க்கை முழங்காலில் தட்டினேன். பழக்கத்தில் முதலில் என் காதுக்குக் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. விரலில் மட்டும் நடுங்கியது. நடுக்கம் நிற்பதற்குள் சுகிர்தா காதுக்குக் கொண்டுபோனேன். அவள் தலை அசைந்து கன்னம் என் கையில் பட்டது. நோட்டுக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கையை எடுத்துக்கொண்டேன்.

பாடத் தொடங்குவதற்குக் காத்திருந்தேன்.

இன்னும் தொடங்கவில்லையே என்று நினைத்தேன். பயந்துவிட்டாளோ, குரல் போயிற்று என்று நான் சொன்னது தொண்டையில் உட்கார்ந்துவிட்டதோ? மறுபடி தட்டலாமா? கை ஃபோர்க்கைத் தேடியது. பாடு பிள்ளை, பாடு, என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

தூரத்தில், பீடத்தில், ஐயர் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார்.

சரணம் முடிந்துவிட்டிருந்தது. கைநீட்டும் தூரத்தில் நின்று முழுச் சரணத்தையும் பாடி முடித்துவிட்டாள். நான் அது தொடங்கக் காத்துக்கொண்டிருந்தேன்.

சுகிர்தா திரும்பினாள். அந்த ஒற்றை வெளிச்சத்தில் அவள் முகத்தின் ஒரு ஓரம் தெரிந்தது. எப்படி இருந்தது டீச்சர் என்று கேட்கிறாள். ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் திரும்பி என்னைப் பார்ப்பாள், நான் "ம்" என்று மட்டும் தலையாட்டுவேன். நேற்றும் ஆட்டியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது.

"கேக்கல சுகிர்தா" என்றேன். "எனக்கு ஒண்ணுமே கேக்கல."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, தெரியாது. இப்போது ஆர்கன் எழவேண்டும், குழு நடக்கவேண்டும். யாரும் நகரவில்லை. சுகிர்தா என் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். வலது காதின்மேல் அவள் வாய் வந்து ஒட்டியது. ஒரு சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் என்னைப் பிடித்துக்கொண்டு, முதல் சரணத்தை முதலிலிருந்து மறுபடி பாடினாள்.

வார்த்தை இல்லை. அவள் குரலின் அந்த வெள்ளி ஓரமும் இல்லை, அது இனி எனக்கு இல்லை. ஆனாலும் மூன்றாவது அடியில் அவள் மேலே ஏறுவது தெரிந்தது, மூச்சு எடுக்காமல் அங்கேயே நின்றது தெரிந்தது, கடைசியில் நான் ஒன்பது வருடமாகச் சண்டைபோட்டுச் சொல்லிக்கொடுத்தபடி அவசரப்படாமல் இறங்கியது தெரிந்தது. எழுநூறு பேர் காத்திருந்தார்கள். ஐயர் தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாராம்.

"நல்லாப் பாடின" என்றேன். ஒன்பது வருடம் பிந்திச் சொன்னேன். பிறகு அவள் என் கையைக் கோர்த்துக்கொள்ள, குழுவோடு நானும் நொண்டிக்கொண்டு பீடம் வரை நடந்தேன்.

சபை நிர்வாகம் பார்க்கிற சேகரச் செயலாளர் இன்று காலை தவராஜ் அண்ணனைப் பிடித்துக்கொண்டாராம். முதல் சரணத்தை இந்தத் தடவை எதற்காக இரண்டு முறை பாடினீர்கள், நேரம் போயிற்றே என்று. அது டீச்சர் ஏற்படுத்திய புது முறை, இனி வருடா வருடம் அப்படித்தான் என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இந்த நோட்டில் நவம்பர் 24-ஆம் தேதிப் பக்கத்தைத் திருத்தவேண்டும். அரைக் குரல் என்று எழுதியிருக்கிறேன். முழுக் குரல்தான்.